மூன்று தரம் கேட்ட மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு மண்டை கொஞ்சம் மந்தம்தான் என்று மார்த்தா முடிவு கட்டிவிட்டாள்.

"விளங்கேல்லை. திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ," என்று எட்வேட் இரண்டாம் தரமும் கேட்கிறான். ரெலிபோன் கந்தோரில் இஞ்சினியர் என்றார்களே, பொய்யோ?

பொம்பிளை பார்க்க நறுவிலிக்குளத்திலிருந்து வந்திருந்தார்கள். மார்த்தாவின் மகள் எடித் பேராதனையில் வெளிச்சத்தை வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் றோசம்மா வந்து உட்கார்ந்த கையோடு சொல்லிவிட்டாள்.

"கலியாணத்துக்குப் பிறகு படிப்பு வேண்டாம்."

எடித்தின் முகம் வாடிப் போனது. மார்த்தாவுக்கும் அது பிடிக்கவில்லை. என்றாலும் நல்ல சம்பந்தம், கை நழுவிப் போகக்கூடாதே! படிப்புக் கதையை எடுக்காதே என்று மகளைக் கண்ணால் அடக்கி வைத்தாள். என்ன ஆராய்ச்சி என்று இந்தப் பொடியன்தான் கிண்டத் தொடங்கினான்.

எடித் பொறுமையாகத் திருப்பிச் சொன்னாள். "கண் சிமிட்ட முந்தியே அணைஞ்சு போற வெளிச்சம் இது. அதை அப்பிடியே பிடிச்சு அளக்க மெசினுக்கு வேகம் காணாது. அதாலை நீளமான கண்ணாடி நூலுக்குள்ளை அனுப்புறம். அதுக்குள்ளை ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்திலை ஓடும். மற்றப் பக்கத்தாலை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வரும். ஆறுதலா அளக்கலாம்."

மார்த்தாவுக்குத் தலை சுற்றியது. ஒன்றாகப் போன வெளிச்சம் ஏன் பிரிந்து வருகிறது? வெளிச்சத்துக்கும் கால் உளையுமோ?

"இன்னும் பிடிபடேல்லை," என்றான் எட்வேட், மூன்றாம் தரம்.

நக்கலடிக்கிறானோ?

எடித் மறுபடி தொடங்கினாள். பாதியில் றோசம்மா தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தாள்.

"என்னடா மடையா, இதுவுமோ விளங்கேல்லை? மடு மாதா கோயிலுக்கு நடந்து போறமே, அது மாதிரி. எங்கடை கோயில் வாசலிலை எல்லாரும் ஒண்டாத்தான் வெளிக்கிடுறம். முருங்கன் தாண்டேக்கை இளசுகள் முன்னுக்கு, நான் கடைசியிலை. கும்பலா நிக்கேக்கை ஆர் ஆரெண்டு தெரியாது. பிரிஞ்சு வரேக்கை ஒவ்வொருத்தராப் பாக்கலாம். என்ன பிள்ளை, சரியோ?"

"ஓம் மாமி! அதேதான்!"

றோசம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எடித்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ஒரு வருசமோ?"

"ஓம் மாமி."

"அப்ப முடி. பாதி வழியிலை திரும்பி வாறதுக்கோ மடுவுக்கு வெளிக்கிடுறது?"

எடித்துக்குக் கண் கலங்கிவிட்டது. மார்த்தாவுக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை.

அவர்கள் புறப்படும்போது, வாசல் படலையடியில் மார்த்தா எட்வேட்டிடம் மெல்லக் கேட்டாள். "தம்பி, இப்பவாவது உங்களுக்கு விளங்கினதோ?"

முன்னால் போகும் தாயைப் பார்த்துக்கொண்டே அவன் குரலைத் தாழ்த்தினான்.

"என்ரை வேலையே அந்தக் கண்ணாடி நூலோடைதான் மாமி. கோயிலிலை கலியாண அறிவித்தல் ஓலையை ஏன் மூண்டு ஞாயிறு வாசிக்கினம்? பிந்தி வாற ஆக்களின்ரை காதிலையும் விழட்டும் எண்டுதானே."