ஜெஸ்வின் சொல்லப்போகும் சாட்சி

“யானை எவ்வளவு கிட்ட வந்துச்சுலே?”

“அந்தா, அந்த கேட்டு இருக்குல்லா, அவ்வளவு தூரந்தான் அண்ணாச்சி. செத்தேன்னுதான் நெனச்சேன். இவன் என்னையப் பின்னால தள்ளிட்டு, முன்னால போய் நின்னு ஒரு சத்தம் போட்டான் பாருங்க, யானை அப்படியே திரும்பிட்டு!”

ஜெஸ்வின் சொன்னதைக் கேட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மணிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் காபி டம்ளருக்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்திருந்தான்.

“போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைல்லா!” என்றார் பக்கத்து வீட்டு ரத்தினம் அண்ணாச்சி. “அப்பா எஸ்.ஐ., சித்தப்பா மிலிட்டரி. நம்ம ஜெஸ்வினா இருந்தா யானைக்கு ஒரு வணக்கம் வச்சிட்டு நின்னுருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸ்வின்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

“அந்தச் சத்தத்த ஒருதரம் போட்டுக் காட்டு மக்கா, நாங்களும் கேக்கோம்” என்றார் அண்ணாச்சி விடாமல். மணிமுத்து டம்ளரை வாயில் வைத்துக்கொண்டான்.

நண்பர்கள் இருவரும் பொதிகை மலைக்கு நடந்து போய்விட்டு முந்தின நாள்தான் தென்காசிக்குத் திரும்பியிருந்தார்கள். அதற்குமுன் குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி அருவி வரை ஏறியதுதான் ஜெஸ்வினுக்குத் தெரிந்த மலை. மகன் உயிரோடு வந்ததற்காக அவனுடைய அம்மா ஜாய் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்திருந்தாள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்வார். பிறகு ஜெஸ்வின் எழுந்து நின்று, மலையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

ஜாய் மணிமுத்துவின் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள். “தின்னு மக்கா. உன்னைய நம்பித்தான் விடுதேன்னு பஸ் ஸ்டாண்டுல வச்சு சொன்னேன்லா. முழுசா கொண்டாந்து சேத்துட்ட.” அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஐயோ, இருக்கட்டும் ஆன்ட்டி” என்று அவன் கையை உருவிக்கொண்டான். அந்தக் கை மலையில் ஜெஸ்வினின் பக்கம் நீளக்கூட இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

உச்சியிலிருந்து இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. கூட வந்தவர்கள் எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள். படம் எடுக்கிறேன் என்று நின்று நின்று தாமதப்படுத்தியது மணிமுத்துதான். எழுதாத தாளுக்குள் நடப்பதுபோல இருந்தது. இரண்டு எட்டு முன்னால் போன ஜெஸ்வினின் முதுகுகூடத் தெரியவில்லை, ஷூ சத்தம் மட்டும் கேட்டது. அந்த வெள்ளைக்குள் ஒரு கிளை முறிந்தது. உடனே ஒரு பிளிறல்.

மணிமுத்து யோசிக்கவில்லை. “யம்மா!” என்று அலறியபடி பாதையை விட்டுப் பள்ளத்தில் குதித்து, ஓடையோடு ஓடினான். ஜெஸ்வின் என்று ஒருவன் இருப்பது ஓடை முடிந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது. திரும்பி மேலே போகக் கால் வரவில்லை.

அழுதுகொண்டே, மலையேறுகிறவர்கள் தங்கும் கொட்டகைக்கு வந்தபோது, ஜெஸ்வின் அங்கே குடித்து முடித்த கட்டன் சாயா கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இவனைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு தேம்பினான். இருவரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை.

வீட்டு வாசலில் அம்மாவைப் பார்த்ததும்தான் ஜெஸ்வின் இந்தக் கதையை ஆரம்பித்தான். ஓடிப்போன நண்பனின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று மணிமுத்துவுக்குத் தோன்றியது. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது அதையே கடவுளுக்கு முன்னால் நின்று சொல்லப்போகிறான். சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் வந்துபோகிறவன் மணிமுத்து. சாட்சியில் பொய் கலப்பது இவர்களுக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்தவன்.

அவன் எழுந்து, ஜெஸ்வினைச் சட்டையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்துப் போனான்.

“போதும்லே. சாட்சில இதச் சொல்லாத.”

“ஏம்லே? நடந்ததத்தான சொல்லுதேன்.”

“இங்கன நீயும் நானும் மட்டுந்தான் நிக்கோம். இங்கனயும் எதுக்குலே நடிப்பு?”

ஜெஸ்வினின் முகம் வெளிறியது. துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டான். “நீ போட்ட சத்தம் இன்னும் காதுக்குள்ளயே நிக்குதுலே” என்றான் மெதுவாக.

குத்திக் காட்டுகிறான் என்று மணிமுத்துவுக்குக் காது சுட்டது. “அத விடு. உங்கம்மா முகத்த என்னால பாக்க முடியல. இப்பவே போயி அவங்கட்ட உண்மையச் சொல்லிருதேன். அப்பத்தான் எனக்குச் சோறு இறங்கும்.”

“ஏலே, வேண்டாம்லே!”

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. “ஏ மணி, ஜெஸ்வினு, பாஸ்டர் வந்துட்டாங்க. ரெண்டு பேரும் எங்கன இருக்கிய?” என்று ஜாய் கூப்பிட்டாள்.

மணிமுத்து படியில் கால் வைத்தான். ஜெஸ்வின் பாய்ந்து வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண் நிறைந்திருந்தது.

“உன்னைய யானைட்ட தனியா விட்டுட்டு நான் ஓடுனத மட்டும் எங்கம்மாட்ட சொல்லிராதலே.”