மிஞ்சிய மூட்டைகள்

"ஃபில்லர் மூட்டை இவ்வளவு மிச்சம் இருக்கே, எப்படி?" என்றார் பிளாஸ்டிக் பை கம்பெனி முதலாளி.

பிளாஸ்டிக்கோடு ஃபில்லர் தூளைக் கலந்து மிஷினில் கொட்டும் மிக்ஸிங் வேலை பார்க்கிறவன் தலை குனிந்து நின்றான்.

பக்கத்தில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த வயதான ஆபரேட்டருக்கு மனசு குளிர்ந்தது. இவர் பேச்சை மீறி இவர் மகளைக் கட்டிக்கொண்டு போனவன் அவன். வருஷக்கணக்காக ஒரே ஷெட்டில் வேலை. முகம் கொடுத்து ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் மிஷினைப் பார்த்துத்தான் சொல்வார்.

இப்போதும் மிஷினிடம்தான் சொன்னார். "மூட்டை தூக்க உடம்பு வளையணும். சோம்பேறிக்கு வேலை கொடுத்தா இப்படித்தான்."

"விலை கம்மின்னுதானே ஃபில்லரைக் கலக்கச் சொல்றேன்? நீ பாட்டுக்குச் சுத்தமான பிளாஸ்டிக்கை அள்ளிப் போட்டா, நான் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

"தப்புதான் சார்."

"இன்னைக்கு நான் நின்னு பார்க்கிறேன். ஃபில்லர் முழு அளவு விழணும். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்க."

இன்றைக்கு இவன் சீட்டு கிழிந்துவிடும் என்று ஆபரேட்டர் நினைத்தார். ஆனால் அவன் முழு அளவையும் கொட்டினான்.

கொஞ்ச நேரத்தில், மிஷினிலிருந்து பலூன்போல ஊதி மேலே போய்க்கொண்டிருந்த பிளாஸ்டிக் ஃபிலிம் கிழிந்து சரிந்தது. ஆபரேட்டர் ஏணியில் ஏறினார். நுனியை மேலே உருளைக்குள் திணித்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

மறுபடி கிழிந்தது. மறுபடி ஏறினார்.

அடுத்த தடவை பாதி ஏணியில் முட்டி மக்கர் பண்ணியது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மருமகன்தான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இறக்கினான்.

"யாரும் என்னைத் தொட வேண்டாம்" என்றார், மிஷினிடம்.

முதலாளிக்கு எரிச்சல். "என்னய்யா இது? இத்தனை நாளா ஒரு தடவைகூடக் கிழியலையே?"

"அதெல்லாம் என் கைப்பக்குவம் சார். இன்னைக்கு என்னமோ..." ஆபரேட்டருக்கு மூச்சு வாங்கியது.

மருமகன் கீழே சரிந்து கிடந்த ஃபிலிமை வாரிச் சுருட்டினான். முதலாளியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்:

"ஃபில்லர் கூடினா கிழியும் சார். கிழிஞ்சா மாமா ஏணி ஏறணும். அதான் குறைச்சுப் போட்டேன்."