டீக்காவின் வயிற்றில் போன விதை

காலை ஆறு மணிக்கு அந்தச் சோமாலிய மேய்ச்சல் நிலத்தில் ஒரே ஒரு குடைவேல மரம் மிஞ்சியிருந்தது. மற்ற ஆறு மரங்களும் வெட்டப்பட்டுக் கரிமூட்டத்தில் புகைந்துகொண்டிருந்தன. டீக்கா என்ற வெள்ளாடு மிஞ்சிய மரத்தடிக்கு வந்தது.

“டீக்கா, கோடரிக்காரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். என் நெற்றுகளைத் தின்றுவிட்டுத் தூரமாக ஓடு” என்றது மரம்.

“உன் கன்றைக் கடித்தேன் என்று போன வருஷம் என் உதட்டை முள்ளால் கிழித்தாயே! இன்றைக்கு விருந்தா?”

“கன்று போனால் போனதுதான். விதை உன் வயிற்றில் சாகாது. புழுக்கையோடு விழுந்து முளைக்கும்.”

“ஓகோ, நான் உனக்குச் சுமைதூக்கியா? கூலி என்ன?”

“நெற்றுதானடி கூலி! சீக்கிரம் தின்!”

கோடரியும் கையுமாக மூன்று பேர் மேடேறினார்கள்.

“இவ்வளவுதானா? இன்னும் போடு” என்றது ஆடு.

வீசிய காற்றில் மரம் தன்னையே உலுக்கிக்கொண்டது. நெற்றுகள் கொட்டின. முதல் வெட்டு விழும்வரை தின்றுவிட்டு டீக்கா ஓடியது.

மறுவருஷம் மே 9 அன்று, மழைக்குப் பிறகு, ஓடைக்கரையில் மூன்று வேலங்கன்றுகள் முளைத்திருந்தன. இரண்டை டீக்கா தின்றது. பாறை இடுக்கில் இருந்த மூன்றாவது அதன் வாய்க்கு எட்டவில்லை.