பெட்டிக்குள் இல்லாத ஆட்டம்

பாதி ஆட்டத்தில் வீடியோ கேமை அணைத்துவிட்டாள் என்று பெற்றவளின் வாயிலேயே குத்தியிருந்தான் தினகரன். பேச்சியம்மாள் முந்தானையில் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு சுவரோரம் கிடந்தாள். கட்டடம் இடிக்கிற வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய அவள் புருஷன் இருளாண்டி, தோளில் இருந்த சம்மட்டியை இறக்கிவைக்கவே இல்லை. ஒரே போடு. கேம் பெட்டி சுக்குநூறானது.

மகன் அசரவில்லை. "நல்லா அடிப்பா, இன்னும் நாலு போடு போடு. ஆட்டம் அதுக்குள்ளயா இருக்கு? கிளவுட்ல இருக்கு" என்று சிரித்தபடி செல்போனை எடுத்தான். அம்மா நிறுத்திய அதே இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது. திரையில் ஒருவன் கழுத்தில் பாதி இறங்கியிருந்த கத்தி மீதியும் இறங்கியது.

"கிளவுடா? அது எங்கடா இருக்கு?"

"கடல் தாண்டி எங்கயோ ஒரு கட்டடத்துல. உன் சம்மட்டி அம்புட்டுத் தூரம் எட்டாது."

இருளாண்டி திரையைப் பார்க்கவில்லை. அதன்மேல் துள்ளிக்கொண்டிருந்த இரண்டு கட்டைவிரல்களைப் பார்த்தான். போனைத் தட்டிவிட்டு மகனைக் கீழே தள்ளி, அவன் மணிக்கட்டை முழங்காலால் தரையோடு அழுத்திக்கொண்டு சம்மட்டியை ஓங்கினான்.

"ஐயோ, பிள்ளைய விட்டுருங்க!" என்று உடைந்த வாயால் அலறினாள் பேச்சியம்மாள்.

எந்த வீட்டை இடிப்பதென்றாலும் முதல் அடிக்கு முன்னால் ஒரு குரல் கொடுப்பது அந்த வேலையில் வழக்கம். போக்கிடம் இல்லாத யாராவது உள்ளே படுத்துக் கிடப்பார்கள். ஓங்கிய கையை இறக்காமல், மகனின் கண்களைப் பார்த்து இருளாண்டி அந்தக் குரலைக் கொடுத்தான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"