மாமனாரின் ஸ்பிரிங் துப்பாக்கி

மாமனாரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு துப்பாக்கியோடு நின்றார்கள். மாமியார் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இன்றோடு இருவரில் ஒருவர் காலி என்பதில் அந்தக் கூடத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

காலி என்றால் அணியிலிருந்து. துப்பாக்கி சுடும் மன்றத்தின் அணியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அதற்கு வந்து நின்றவர்கள் இந்த இருவரும்தான்.

“ஸ்பிரிங் வச்ச ஏர் ரைபிள் எல்லாம் காக்கா விரட்டத்தான் சார் லாயக்கு. இப்ப எல்லாரும் காத்து சிலிண்டர் வச்சதுக்கு மாறிட்டாங்க,” என்றார் கோச், மாமனாரின் துப்பாக்கியைப் பார்த்து.

“மாறட்டுமே. நான் தோத்தா இதைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு நானும் வீட்டோட கிடக்கறேன்,” என்றார் மாமனார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. ஒரு கோபத்தில் காப்பியை விட்டவர், கோபம் என்னவென்று மறந்துபோன பிறகும் தொடவில்லை.

மாப்பிள்ளையிடம் இருந்தது புத்தம்புது மாடல். ஆனாலும் இதுவரை சுட்டதில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். கடைசிக் குண்டுதான் பாக்கி.

அவனிடமோ காலையில் கிளம்பும்போதே மனைவி வாசலில் மறித்துச் சொல்லியிருந்தாள். “அந்தத் துப்பாக்கியை விட்டா அப்பாவுக்கு வேற போக்கிடம் கிடையாதுங்க. அவர்தான் ஜெயிக்கணும். நீங்க விட்டுக்குடுத்தது அவருக்குத் தெரியவும் கூடாது. தெரிஞ்சா அதுக்கு மேல உடைஞ்சு போயிடுவார்.”

தோற்பது சுலபம். தெரியாமல் தோற்பதுதான் கஷ்டம். வேண்டுமென்றே குறி தப்பினால், முழங்கை நிற்கும் நிலையைப் பார்த்தே மனிதர் கண்டுபிடித்துவிடுவார்.

கோச் புது அட்டைகளை மாட்டி, கம்பியில் தள்ளி அனுப்பினார். இடப்பக்கம் மாமனாரின் அட்டை, வலப்பக்கம் இவனுடையது. ஒரு குண்டுக்கு ஓர் அட்டை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்ததும் அவனுக்கு வழி பிறந்தது.

எப்பேர்ப்பட்ட கைகாரனும் பதற்றத்தில் என்றாவது பக்கத்து அட்டையைச் சுட்டுவிடுவது உண்டு. அந்த மன்றத்து விதிப்படி, அப்படிச் சுட்டவனுக்கு முட்டை. அட்டைக்காரருக்கு நஷ்டமில்லை, விழுந்த இரண்டு ஓட்டையில் எது நல்லதோ அது அவர் கணக்கு. பார்ப்பவர்கள் மடையன் என்பார்களே தவிர, இரக்கப்பட்டான் என்று சொல்ல மாட்டார்கள். மடையன் பட்டத்துக்கு அவன் தயாராகவே இருந்தான்.

அதற்குள் மாமியார் எழுந்து வந்து, கணவர் கையில் இரண்டு ஆரஞ்சுச் சுளையைத் திணித்து, காதோடு காதாக என்னவோ சொன்னார். மாமனார் முகத்தைச் சுளித்தார்.

“சரி, சரி. எனக்கே தெரியும். நீ போய் உட்காரு.”

முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டீர்களா என்று கேட்டிருப்பார் என மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

“கடைசிக் குண்டு. ரெடி!” என்றார் கோச்.

மாமனார் நெம்புகோலை இழுத்தார். அது ஊருக்கே கேட்கும்படி கிறீச்சிட்டது. மாப்பிள்ளை துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, குழலை இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினான். பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவனுக்கு இன்னொரு கண் மிச்சமில்லை.

பழையது ‘டப்’ என்றது. கூடவே புதியது ‘புஸ்’ என்றது.

கோச் கம்பியைச் சுற்றி அட்டைகளை இழுத்தார். மாமனாரின் அட்டையில் இரண்டு ஓட்டை, தன்னுடையதில் ஒன்றும் இல்லை என்று அசடு வழியத் தயாராக நின்றான் மாப்பிள்ளை.

“அடடா!” கோச் கைதட்டினார். “மாப்பிள்ளைக்குப் பத்து! ஆணி அடிச்ச மாதிரி நட்டநடுவுல! சாருக்கு ஒன்பது. நான்தான் சொன்னேனே சார், பழசு பழசுதான். நீங்க ஒத்துக்கணும்.”

“ஒத்துக்கிட்டேன்,” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரே ஓர் ஓட்டை. அந்த அட்டையை அவன் சுடவே இல்லை. வாயைத் திறந்தான். இதைச் சொன்னால் தான் எங்கே சுட்டோம், எதற்காகச் சுட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டான்.

“எனக்குத் தெரியும், எங்க மாப்பிள்ளைதான் ஜெயிப்பார்னு,” என்று மாமியார் முழு ஆரஞ்சு ஒன்றை அவன் கையில் வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கோச் அணிப் பட்டியலை ஒட்டுவதற்காக அலுவலக அறைக்குப் போனார். மாமனார் துப்பாக்கியைத் துடைத்து உறைக்குள் வைத்தார், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்திவிடுவதுபோல. பிறகு ஒன்பது வாங்கிய அட்டையை எடுத்து, அதன் ஓட்டை வழியாக விளக்கைப் பார்த்தார். மாப்பிள்ளையின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“இவ்வளவு விலை குடுத்து வாங்கினீங்களே மாப்பிள்ளை, ஒன்பதுதானா சுடுது?”