எந்தப் புத்தகம் சொன்னது?

“ஏனம்மிணி, ரெண்டும் அச்சடிச்ச புஸ்தகந்தானே? இதுல, தூசி ஒண்ணும் பண்ணாதுன்னு போட்டிருக்குது. அதுல, ஆகவே ஆகாதுன்னு போட்டிருக்குது. நான் எத நம்பறது?”

பனியன் கம்பெனி முதலாளி சிவசுப்பிரமணியம் இரண்டையும் மேஜைமேல் போட்டார்.

ஒன்று, அவர் சந்தா கட்டி வாங்கும் தொழில் பத்திரிகை. வழவழ காகிதம், கலர் படங்கள். மற்றது, கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் ரோஸ்மேரி, தான் படித்த கல்லூரி நூலகத்தில் கெஞ்சி வாங்கி வந்த ஆய்விதழ். படமே கிடையாது.

கட்டிங் செக்ஷன் பாண்டியம்மாள் துணித் தூசியில் இருமி இருமி, முந்தின வாரம் வேலையை விட்டே நின்றுவிட்டாள். மற்றவர்களும் இரும ஆரம்பித்திருந்தார்கள். தூசியை இழுக்கும் மெஷின் கேட்டுத்தான் ரோஸ்மேரி வந்திருந்தாள். அதிகம் பேசாதவள், அன்று பேசினாள்.

“சார், உங்க பத்திரிகையில எழுதினவர் கட்டிங் மெஷின் விக்கிற கம்பெனி மேனேஜர். பக்கத்துப் பக்கத்துலயே அவங்க விளம்பரம் இருக்கு.”

“விளம்பரமில்லாம எவன் புஸ்தகம் போடுவான்?”

“இது டாக்டருங்க எழுதினது சார். யாரைச் சோதிச்சாங்க, எப்படிச் சோதிச்சாங்கன்னு எல்லாம் இருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னால வேற டாக்டருங்க படிச்சுத் தப்பு தேடுவாங்க. தேறினாத்தான் போடுவாங்க.”

அவர் நாலு பக்கம் புரட்டினார். கொட்டாவி வந்தது.

“இதப் படிக்கத் தனியா ஒரு ஆளு வெக்கோணும் போல. நம்ம பத்திரிகை எனக்கே புரியுது பாரு. மெஷினெல்லாம் வேண்டாம். போயி வேலையப் பாரு கண்ணு.”

பாவம், வித்தியாசம் தெரியாத மனுஷர். நமக்குத்தான் விளங்கும்படி சொல்ல வரவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள் ரோஸ்மேரி. ஆய்விதழை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி, மகன் விஷயமாக.

“சொல்லு நிர்மலா... ஆமா, செல்வக்குமாரு நாளைக்கே வரட்டும், தொழில் பழகட்டும்... கட்டிங்லயா? வேண்டாம் வேண்டாம், பேக்கிங்ல உக்காரட்டும்... நம்ம ஊட்டு ஆம்பளைங்க எல்லாம் கட்டிங் டேபிள்லதான் ஆரம்பிச்சோம், இல்லேங்கல. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாதாம்...”

மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் சலித்துக்கொண்டார்.

“அட, அந்தப் பத்திரிகை கெடக்குது போ! அது மெஷின் விக்கிறவன் எழுதினது. இது டாக்டருங்க சோதிச்சுப் பாத்து எழுதினது!”