வீணாகும் சூடு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை நர்ஸ், உடம்புச் சூடு கிடைக்கட்டுமென்று தாய் ஜெபமலரின் வெறும் மார்பில் கவிழ்த்துப் படுக்கவைத்தாள். அது வீறிட்டு அழுதது. நர்ஸ் அந்த மார்பைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"சிக்கன ஊசி போட்டிருக்கீங்களா?"

ஜெபமலர் தலையசைத்தாள். அந்த ஊசிக்குப் பிறகு அவளுடைய செல்கள் துளி குளுக்கோஸைக்கூட வெப்பமாக வீணாக்குவதில்லை. காலையில் இரண்டு இட்லி தின்றால் போதும், மீன் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நிற்பாள். உடம்புதான் சில்லென்றிருக்கும். ஊசி வேண்டாமென்று ஓடிய கணவன் மிக்கேலை, "சாப்பாட்டு ராமன்" என்று தெருவே சிரிக்கும்படி கேலி செய்தவள் அவள்.

"பிள்ளையோட அப்பாவ வரச் சொல்லுங்க," என்றாள் நர்ஸ்.

மிக்கேல் சட்டையைக் கழற்றினான். அவன் நெஞ்சில் ஒட்டிய சற்று நேரத்தில் குழந்தை அடங்கித் தூங்கிப்போனது. ஜெபமலர் அதன் பாதத்தை மெல்லத் தொட்டாள். தூக்கத்திலேயே அது காலைச் சுருக்கிக்கொண்டது. அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

மதியம் டிபன் கேரியரைத் திறந்து, குழந்தையை இரு கையாலும் அணைத்திருந்தவனுக்குச் சோற்றை உருட்டி ஊட்டினாள்.

"போதும்ளா, வயிறு முட்டிட்டு."

"இன்னும் ஒரு உருண்டை தின்னுங்க," என்றாள். "பிள்ளைக்குக் குளிரும்லா."